கார்ட் வாங்க மலை இறங்கும் முன்

கிராபிக்ஸ் கார்ட் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "இது என்ட மதர்போர்டுக்குச் சரிவருமா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த மதர்போர்ட் எதுவானாலும் விடை பெரும்பாலும் "சரிவரும்" என்பதே. கார்ட் ஸ்லாட்டில் உட்காரும். உட்கார்ந்த பிறகு திரை கறுப்பாகவே நிற்பதற்கும், கேம் தொடங்கிச் சில நிமிடங்களில் கணினி தானாக அணைவதற்கும், கேசிங்கின் மூடியைப் பூட்ட முடியாமல் போவதற்கும் காரணம் வேறிடங்களில் இருக்கிறது. பவர் சப்ளை, கேசிங்கின் உயரம், பயாஸ், மொனிட்டரின் பின்னால் உள்ள துளை ஆகிய இந்த நான்கையும் பாராமல் மதர்போர்டை மட்டும் பார்த்து வாங்கியவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

கொழும்பில் இருப்பவர் பிழையான கார்டை மறுநாளே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். லக்கலவில் இருப்பவருக்கு அது ஒரு முழு நாள் வேலை. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரை விட்டு வந்து அமைந்த புதிய நகரத்திலிருந்து மாத்தளைக்குப் போக வேண்டுமானால் இலுக்கும்புர, ரிவஸ்டன், ரத்தோட்டை என்று மலையேறி இறங்க வேண்டும். இல்லையென்றால் நாவுல பக்கமாகச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு பாதையை மறித்துவிட்டால் மாற்றுவதற்குக் கடைக்காரர் கொடுத்த ஒரு வாரமும் வீட்டிலேயே கழிந்துவிடும். அதிலும் தெரிவு நிறைய உள்ள கடைகள் கண்டியிலும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலுமே இருக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லும் சோதனைகள் எல்லாம் வீட்டில், காசு கைமாறுவதற்கு முன், ஒரு ஸ்குரூ டிரைவரும் கைப்பேசிக் கமராவும் கொண்டு செய்து முடிக்கக் கூடியவை.

முதலில் கணினியை அணைத்து, வயரைக் கழற்றி, பக்க மூடியைத் திறவுங்கள். மதர்போர்ட் முழுவதும் தெரியும்படி ஒரு படம். கிராபிக்ஸ் ஸ்லாட்டை நெருங்கி ஒரு படம். பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபலை எழுத்துகள் வாசிக்கக் கூடியதாக ஒரு படம். கணினியின் பின்பக்கமும் மொனிட்டரின் பின்பக்கமும் இன்னும் இரண்டு. கடையில் நின்று "ஐ5 மெஷின் அண்ணா, பழசுதான்" என்று விளக்குவதைவிட இந்தப் படங்கள் ஆயிரம் மடங்கு பயன் தரும். மதர்போர்டின் பெயர் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். விண்டோஸுக்குள் இருந்தே பார்க்க வேண்டுமானால், தேடும் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டினால் பேஸ்போர்ட் என்ற வரியில் தயாரிப்பாளரும் மாதிரியும் வரும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இதைவிடத் தெளிவாகக் காட்டும். டெல் கணினியாக இருந்தால் கேசிங்கில் உள்ள சேர்விஸ் டேக் இலக்கத்தை டெல்லின் இணையத்தளத்தில் போட்டால், அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்தது என்ற முழு விபரமும் கிடைக்கும்.

இப்போது ஸ்லாட். 2003இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையையே இன்று வரை எல்லாக் கார்டும் பயன்படுத்துகின்றன. மூன்றாம் பதிப்பு 2010இலும், நான்காம் பதிப்பு 2017இலும், ஐந்தாம் பதிப்பு 2019இலும் வெளியானது. புதிய கார்ட் பழைய ஸ்லாட்டிலும், பழைய கார்ட் புதிய ஸ்லாட்டிலும் இயங்கும். இரண்டில் குறைந்த பதிப்பின் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். அதனால் "உங்கட போர்ட் மூன்றாம் பதிப்பு, இந்தக் கார்ட் நான்காம் பதிப்பு, போடேலாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் பதிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அதுதான் லேன் எண்ணிக்கை. நீளமான ஸ்லாட்டை எக்ஸ்16 என்கிறோம். அதில் பதினாறு லேன்கள் இருக்க இடம் உண்டு. எல்லாக் கார்டும் பதினாறையும் பயன்படுத்துவதில்லை. ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய ஏஎம்டி கார்டுகள் நான்கு லேன்களே கொண்டவை. நான்காம் பதிப்பு ஸ்லாட்டில் அது போதும். மூன்றாம் பதிப்பில் நான்கு லேனுக்குக் கிடைப்பது செக்கனுக்கு ஏறக்குறைய 4 ஜிகாபைட். இன்டெல் இரண்டாம் தலைமுறை ஐ5-2400 போன்ற புரோசசர் இரண்டாம் பதிப்பு மட்டுமே தெரிந்தது. அங்கே அது 2 ஜிகாபைட்டாகச் சுருங்கிவிடும். கார்டின் நினைவகம் நிரம்பும் கேம்களில் இந்த நெருக்கடி திக்கித் திக்கி ஓடும் படமாக வெளியே தெரியும். எட்டு லேன் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்எக்ஸ் 6600 போன்றவற்றுக்கு மூன்றாம் பதிப்பில் இழப்பு சிறிது. பழைய கணினிக்கு நான்கு லேன் கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் புரோசசருக்குக் கிட்ட உள்ளதிலேயே கார்டைப் பொருத்துங்கள். இரண்டாவது ஸ்லாட் நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு லேனுக்கே தொடுமுனைகள் இருப்பது வழக்கம். கைவிளக்கைப் பிடித்து ஸ்லாட்டுக்குள் பார்த்தால் பொன்னிற முனைகள் எங்கே முடிகின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

இனிப் பவர் சப்ளை. இந்த அத்தியாயத்தில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஸ்லாட் ஒரு கார்டுக்குக் கொடுக்கக் கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து நேரே வயர் வர வேண்டும்: ஆறு பின் வயர் 75 வாட் தரும், எட்டுப் பின் வயர் 150 வாட். இப்போது நம் நாட்டில் மாணவர் வீடுகளிலும், ஸ்டூடியோக்களிலும், தகவல் மையங்களிலும் இருக்கும் கணினிகளில் பெரும் பங்கு வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடி முடித்து ரீகண்டிஷனாக வந்தவை. டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 சிறு கேசிங் மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதன் பவர் சப்ளை 255 வாட். அதிலிருந்து கார்டுக்கென்று ஆறு பின் வயரோ எட்டுப் பின் வயரோ வராது. "அப்படியென்றால் பெரிய பவர் சப்ளை மாற்றலாமே" என்று நினைப்பீர்கள். மாற்ற முடியாது என்றே கொள்ளுங்கள். சாதாரண பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு 24 பின் வயர் வரும். இந்த டெல் மதர்போர்ட் கேட்பது தனக்கே உரிய எட்டுப் பின் வயர். பெட்டியின் வடிவமும் வேறு. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 சிறு கேசிங் மாதிரியில் 240 வாட். அங்கும் இதே கதை.

ஆகவே இந்த வகைப் பெட்டிக்கு 75 வாட்டுக்குள் அடங்கும், தனி வயர் கேட்காத கார்ட் மட்டுமே. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட். ஜிடிஎக்ஸ் 1650க்கும் 75 வாட் என்றே குறிப்பில் இருக்கும், ஆனால் பல நிறுவனங்கள் அதையே ஆறு பின் துளையோடும் விற்கின்றன. பெயரைப் பார்த்து வாங்காமல் கார்டின் மேல் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரிலும் இரண்டு உண்டு: 8 ஜிகாபைட் கார்ட் 130 வாட், எட்டுப் பின் வயர் கேட்கும், 2024இல் வந்த 6 ஜிகாபைட் கார்ட் 70 வாட். ஒரே பெயர், ஒன்று உங்கள் பெட்டியில் ஓடும், மற்றது ஓடாது. சில சிறு கேசிங் கணினிகளின் சேர்விஸ் கையேட்டில் ஸ்லாட்டின் வரம்பே 75க்குக் குறைவாக எழுதப்பட்டிருக்கும். அந்த மாதிரியின் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எச்பி பெட்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐ5-4590 புரோசசர் 84 வாட். 75 வாட் கார்ட். மதர்போர்ட், ரேம், ஹார்ட் டிஸ்க், காற்றாடி எல்லாவற்றுக்கும் 50 வாட் வைத்தால் மொத்தம் 209. பவர் சப்ளை 255. பொருந்துகிறது, ஆனால் மிச்சம் அதிகமில்லை. பத்து வருடம் உழைத்த பவர் சப்ளை லேபலில் உள்ள முழு வாட்டையும் இன்றும் தரும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

வயர் இல்லாத இடத்தில் கடைகளில் ஒரு சின்ன அடப்டரை நீட்டுவார்கள்: ஹார்ட் டிஸ்குக்கு வரும் சாட்டா பவர் வயரை ஆறு பின்னாக மாற்றித் தருவது. தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அம்பியர், மொத்தம் 54 வாட். அதிலிருந்து 75 வாட்டை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், கருகும். இரவில் ரெண்டரிங் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வீடுகளை நினைத்தால் இந்த அடப்டரை விற்பதே தவறு என்பேன்.

சாதாரண டவர் கேசிங் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கவனம். அங்கே பவர் சப்ளையை மாற்றலாம், ஆனால் "500 வாட்" என்று பெரிதாக எழுதியதை வாசிக்காமல் லேபலில் 12 வோல்ட் என்ற கட்டத்தை வாசியுங்கள். அதில் 18 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்க 216 வாட்தான். புரோசசரும் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளைகளில் இந்த இடைவெளி சாதாரணம். ஆர்எக்ஸ் 580 போன்ற 185 வாட் கார்டை அப்படியொன்றில் மாட்டினால் போவது கார்ட் மட்டுமாக இருக்காது. எண்பது பிளஸ் முத்திரையுள்ள நல்ல பவர் சப்ளைக்குச் செலவழிக்கும் பணம் அடுத்த இரண்டு கணினிக்கும் உதவும். கையில் உள்ள தொகையில் முதலில் அதை ஒதுக்கிவிட்டு மிஞ்சியதில் கார்டைத் தேடுங்கள்.

கேசிங் அளவை அடிமட்டத்தால் எடுங்கள். சிறு கேசிங்குக்கு லோ புரொஃபைல் கார்ட் வேண்டும். அத்தோடு பின்பக்கத் தகடும் அரை உயரத் தகடாக இருக்க வேண்டும். கார்ட் குட்டை, தகடு மட்டும் நீளம் என்று விற்கப்படுவதைப் பார்க்கலாம். அரை உயரத் தகடு பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தடிப்பும் முக்கியம். பல கார்டுகள் இரண்டு ஸ்லாட் இடத்தைப் பிடிக்கும். சிறு கேசிங் மாதிரிகள் சிலவற்றில் எக்ஸ்16 ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளைப் பெட்டி நிற்பதால் தடித்த கார்டுக்கு இடமே இல்லை. டவர் கேசிங்கில் பின் தகட்டிலிருந்து முன்னால் உள்ள ஹார்ட் டிஸ்க் கூடு வரை எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

பயாஸ் பற்றி. பழைய மதர்போர்டுகள் லெகசி பயாஸ் முறையில் தொடங்கும், புதியவை யுஇஎஃப்ஐ. புதிய கார்டுகள் சில லெகசி முறையில் திரையே காட்டாது. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு யுஇஎஃப்ஐ கட்டாயம். அதோடு ரீசைசபிள் பார் என்ற வசதியும் மதர்போர்டில் இல்லையென்றால் அவற்றின் வேகம் பெரிதும் விழும். நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர் ஆர்க் கார்டின் விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் என்ற வரியில் லெகசி என்று காட்டினால் உடனே போர்டே பழையது என்று முடிவெடுக்கவும் தேவையில்லை. யுஇஎஃப்ஐ போர்டில் விண்டோஸை லெகசியாகப் பதித்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். கார்ட் வாங்கப் போகும் முன் தயாரிப்பாளரின் தளத்தில் கடைசி பயாஸ் அப்டேட்டை எடுத்துப் போட்டுவிடுங்கள். அதைச் செய்யும்போது கரண்ட் போனால் மதர்போர்டே செயலிழக்கலாம், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

மொனிட்டரை யாரும் நினைப்பதில்லை. நீல நிற விஜிஏ துளை மட்டுமுள்ள பழைய மொனிட்டர்கள் நம் வீடுகளில் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஜிடிஎக்ஸ் 10 வரிசை தொடங்கி வந்த என்விடியா கார்டுகள் விஜிஏ சிக்னல் தருவதில்லை. ஆர்எக்ஸ் 580உம் அப்படியே. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவாக மாற்றும் சிப் உள்ள கன்வர்ட்டரைக் கார்டோடு சேர்த்தே வாங்கி வாருங்கள். வெறும் வயர் வேலை செய்யாது. வீட்டுக்கு வந்து மாட்டிய பின் மொனிட்டர் வயரைக் கார்டில் குத்துங்கள், பழைய பழக்கத்தில் மதர்போர்டில் குத்தினால் கார்ட் சும்மா இருக்கும்.

என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதும் பொருத்தத்தில் அடங்கும். கல்யாண வீடியோ எடிட் செய்பவர் ஜிடி 1030 அல்லது ஆர்எக்ஸ் 6400 வாங்கினால், இரண்டிலும் வீடியோவை என்கோட் செய்யும் பகுதி இல்லை என்பதை எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் அறிவார். ஜிடிஎக்ஸ் 1650இல் அது உண்டு. ஐ5-4590க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸிலும்கூட குவிக் சிங்க் என்ற பெயரில் உண்டு. அல்பம் வடிவமைப்பும் சிறு எடிட்டிங்கும் மட்டுமே செய்பவருக்கு 16 ஜிகாபைட் ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் கார்டைவிட அதிகம் உதவும், செலவும் குறையும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. நான்காம் தலைமுறை புரோசசர்கள் விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு வழக்கமான கேம் டிரைவர்களை வெளியிடுவதையும் என்விடியா அதே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். பழைய பெட்டிக்குள் எவ்வளவு பணத்தை இறக்குவது என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

பாவித்த கார்டுகளுக்கு வருவோம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்ட் கொண்டு அகழும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுவதும் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை அல்ல. காற்றாடி தேய்ந்திருக்கும், தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றலாம். கவனிக்க வேண்டியது போலிகளை. ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற மிகப் பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விற்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. 1050 டிஐ என்று சொல்லப்படும் கார்டில் விஜிஏ துளை இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளை அடையாளம் கண்டு பெயரோடு எச்சரிக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கடைக்கே கொண்டுபோங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலும் 2048 எஸ்பி என்றொரு வகை உண்டு. உள்ளே இருப்பது ஆர்எக்ஸ் 570க்கு நிகரான சிப், விலையையும் அதற்கேற்பப் பேசுங்கள். பி106-100 என்ற மலிவான கார்ட் அகழ்வுக்கென்றே செய்யப்பட்டது. மொனிட்டர் குத்த அதில் துளையே கிடையாது.

முடிந்தால் கணினிப் பெட்டியையே பஸ்ஸில் கொண்டுபோங்கள். பாரம்தான், ஆனால் உங்கள் பவர் சப்ளையில், உங்கள் மதர்போர்டில், கடையிலேயே கார்ட் ஓடுவதைப் பார்த்து வாங்குவதற்கு ஈடான உறுதி வேறில்லை. அரை மணி நேரமாவது சுமை கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டில் கார்டின் முழுப் பெயர், சீரியல் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதப்பட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது விற்பவரின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. பிரச்சினை வந்தால் அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பாவித்த கார்டுக்கு ஒரு வாரமாவது மாற்றிக்கொள்ளும் அவகாசத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எழுதித் தரவும் மறுத்து, ஓட்டிக் காட்டவும் மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.